உவரிக்கு நேரே படகு விடலாமா?

உவரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அத்தை மகன் ஆஸ்திரேலியக் குடிமகன். 38 அடி நீளத்தில் சொந்தமாக ஒரு பாய்ப்படகு வைத்திருக்கிறார். ஜனவரியில் மலேசியாவின் லங்காவியிலிருந்து கிளம்பி, இலங்கையில் காலே துறைமுகத்தில் சில நாள் தங்கி, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு மனைவியோடு ஊருக்கு வர நினைக்கிறார். "எங்க ஊர் முன்னாலயே நங்கூரம் போட்டுட்டு, வள்ளத்துல கரைக்கு வந்து அம்மாவைப் பாத்துட்டு, கஸ்டம்ஸ் பாஸ்போர்ட் வேலையைப் பிறகு தூத்துக்குடிக்குப் போய் முடிச்சுக்கிடலாமா அண்ணாச்சி?" என்பது தம்பியின் கேள்வி.

கூடாது தம்பி. வேலையை முடித்த பிறகுதான் அத்தையைப் பார்க்க வேண்டும். முந்நூறு பக்கச் சட்டத்தையும் ஒதுக்கிவிட்டு இந்த ஒரு வரிசையை மட்டும் உங்கள் அத்தான் மாற்றாமல் இருந்தால் போதும். மாற்றினால் அவருக்கு வரும் தொல்லையைவிட உங்கள் ஊர்க்காரர்களுக்கு வரும் தொல்லை பெரிது. அதனால்தான் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். என் தகப்பனார் தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலையில் இருந்தேன். தோணி, கப்பல், அபூர்வமாகப் பாய்ப்படகு என்று பலவற்றுக்கும் காகிதம் போட்டிருக்கிறேன்.

1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 29ஆம் பிரிவு இதைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தக் கலமும் இந்தியாவில் முதன்முதலாகத் தொடும் இடம் சுங்கத் துறைமுகமாக இருக்க வேண்டும். சுங்கத்துறையை நடத்தும் மத்திய வாரியம் தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய வேறிடம் கிடையாது. கலம் என்றால் கப்பல்தான் என்று நினைக்க வேண்டாம். பொழுதுபோக்குக்காக ஓட்டும் சின்னப் படகும் அதில் அடங்கும். உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூட்டப்புளி எல்லாம் மீன்பிடிக் கரைகள். அங்கே கஸ்டம்ஸ் ஆபீசும் இல்லை, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த குடிவரவு அதிகாரியும் இல்லை.

"நம்ம வள்ளம் தினம் கடலுக்குப் போய் வருதே, அதை யார் கேக்காங்க?" என்று ஊரில் சொல்வார்கள். நம் வள்ளம் வேறு நாட்டுக் கரையைத் தொடாமல் மீனோடு திரும்புகிறது. அத்தானுடைய படகோ காலேயில் டீசல் போட்டு, சாமான் ஏற்றிக்கொண்டு வருகிறது. அதற்குக் கிளியரன்ஸ், அதாவது அதிகாரிகளின் நுழைவு அனுமதி, கிடைக்கிற வரைக்கும், உவரி மணலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றாலும், அது இன்னும் இந்தியாவுக்கு வந்து சேராத படகு. மனதில் இதைப் பதிய வைத்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தானாக விளங்கும்.

கடலில் 12 கடல் மைல் வரைக்கும் நம் எல்லைக்கடல். அன்னியக் கொடி போட்ட படகு அதற்குள் தீங்கில்லாமல் கடந்து போகலாம் என்று சர்வதேசக் கடல் சட்டமும், 1976ஆம் ஆண்டின் நம் சட்டமும் சொல்கின்றன. கடந்து போவது என்றால் நிற்காமல் போவது. இன்ஜின் பழுது, புயல் என்று காரணம் இருந்தால் நங்கூரம் போடலாம். அம்மா வீடு தெரிகிறது என்பதற்காகப் போட்டால் அது கடந்து போவதில் சேராது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரேயும் கடலில் ஒதுங்கிப் போக வேண்டிய பகுதி இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அறிமுகமில்லாத படகைப் பார்த்தால் கடலோரக் காவலுக்கு 1093க்கோ, கோஸ்ட் கார்டுக்கு 1554க்கோ சொல்லும்படி ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்களும் சொல்லத்தான் செய்கிறார்கள், அது நல்ல பழக்கம்.

இனி நான் மிகவும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் வருகிறார் என்று தெரிந்தால் ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? சித்தப்பா மகனும் மைத்துனனும் வள்ளத்தை எடுத்துக்கொண்டு எதிரே போவார்கள். பிடித்த சீலா மீனைக் கொடுப்பார்கள். அவரும் ஆசையோடு ரெண்டு பாட்டில், சாக்லேட் டப்பா, பிள்ளைகளுக்கு ஒரு டேப்லெட் என்று கையில் கொடுத்துவிடுவார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சட்டத்தின் கண்ணில், கிளியரன்ஸ் ஆகாத வெளிநாட்டுப் படகிலிருந்து நடுக்கடலில் சரக்கு இறங்கியிருக்கிறது. இதே கடலில்தான் மஞ்சளும் பீடி இலையும் கடல் அட்டையும் அந்தப் பக்கம் போகின்றன, தங்கம் இந்தப் பக்கம் வருகிறது. ரோந்துப் படகில் நிற்கிறவருக்கு இரண்டு படகு ஒன்றோடொன்று அணைந்து நிற்பதுதான் தெரியும், உறவு தெரியாது. 106ஆம் பிரிவில் நிறுத்திச் சோதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. 115ஆம் பிரிவில் வள்ளத்தையே பறிமுதல் செய்ய வழி உண்டு. அத்தான் வக்கீல் வைத்து வெளியே வந்துவிடுவார். கடன் வாங்கி இன்ஜின் மாட்டிய மைத்துனனின் வள்ளம் ஆபீஸ் வாசலில் மாதக்கணக்கில் வெயிலில் காயும். ஆகவே எதிர்கொண்டு போக வேண்டாம் என்று இப்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1979இல் என் தகப்பனாரின் தோணி கொழும்பில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பியது. இலங்கையில் 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்த காலம். இங்கே கிடைக்காத துணியும் ரேடியோவும் அங்கே கடை கடையாகத் தொங்கும். தோணியில் ஒரு பையன், தங்கச்சி கல்யாணத்துக்கென்று ஆறு நைலான் சேலை வாங்கி, அடித்தட்டுப் பலகைக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. ரம்மேஜுக்கு, அதாவது தோணியைக் குடைந்து சோதனை போட, ஏறிய அதிகாரிகள் பலகையைத் தூக்கியதும் சேலை வெளியே வந்தது. அப்பா அதே பயணத்தில் தனக்கு வாங்கிய ரேடியோவைப் பட்டியலில் எழுதி, தீர்வை கட்டி, ரசீதோடு எடுத்துப் போனார். ரேடியோ வீட்டுக்கு வந்தது, தோணி 23 நாள் கட்டிக் கிடந்தது. முதலாளிக்கும் தண்டலுக்கும் தெரியாமல் நடந்தது என்று எழுதிக் கொடுத்து, விசாரித்து, அபராதம் கட்டி மீட்டார்கள். அந்த 23 நாளும் பதினொரு பேருக்குக் கூலி இல்லை. மறைத்த சேலையின் மதிப்பைவிட மறைத்த இடம்தான் அன்று அதிகாரிகளைக் கோபப்படுத்தியது. மேசை மேல் வைத்திருந்தால் தீர்வையோடு போயிருக்கும். அப்பா சாகும் வரைக்கும் அந்தப் பையனைக் குறை சொன்னதில்லை. "புறப்படுறதுக்கு முந்தி நாம்தான் கேட்டிருக்கணும், யார்கிட்ட என்ன இருக்குன்னு" என்பார். அத்தானும் காலேயை விடும் முன் தன் மனைவியிடமும், கூட யாராவது ஏறினால் அவரிடமும் இதைக் கேட்டு எழுதி வைக்கட்டும்.

சரி, எங்கே நுழைவது? தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் நுழையலாம். கொழும்பு வழித்தடம் இங்கே பழையது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தத் தடத்துக்காகத்தான். 2011 ஜூனில் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதமே ஓடியது என்றாலும், கஸ்டம்ஸும் குடிவரவும் இங்கே என்றும் உண்டு. ஆனால் இது சரக்குத் துறைமுகம். நிலக்கரிக் கப்பலுக்கும் கன்டெய்னர் கப்பலுக்கும் நடுவே ஒரு சின்னப் பாய்ப்படகு வந்தால் அதைக் கட்ட இடம் தேட வேண்டும். இம்மாதிரிப் படகைப் பார்த்துப் பழகிய அதிகாரிகளும் குறைவு. கொச்சியில் போல்காட்டித் தீவில் படகுகளுக்கென்றே மரீனா இருக்கிறது, வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வருஷா வருஷம் அங்கே வருகின்றன. காலேயிலிருந்து தூத்துக்குடி சுமார் 200 கடல் மைல், கொச்சி 340க்குக் குறையாது. என்னைக் கேட்டால், படகை மாதக்கணக்கில் விட்டுவைப்பதானால் கொச்சி. ஒரு வாரம் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதானால் தூத்துக்குடி, அதுவும் நல்ல ஏஜென்ட் கிடைத்தால் மட்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். படகு வரும் முன்பே வருகைப் பட்டியல் கஸ்டம்ஸுக்குப் போக வேண்டும். 30ஆம் பிரிவில் தாமதத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. துறைமுகப் பாதுகாப்புக்கான முன்னறிவிப்பு தனி. படகிலிருந்துகொண்டு இவற்றை அவரே செய்ய முடியாது. கூலி எவ்வளவு, துறைமுகக் கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் பிரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்லி, எதற்கென்று கேட்டால் மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

காலேயை விட்டுப் புறப்படும்போது அங்கே போர்ட் கிளியரன்ஸ் கொடுப்பார்கள். அதில் அடுத்த துறைமுகம் என்ற இடத்தில் தூத்துக்குடி என்றே எழுதியிருக்க வேண்டும். மாலத்தீவு என்று எழுதி வாங்கிவிட்டு, காற்று மாறியதால் இங்கே வந்தேன் என்றால் முதல் கேள்வியே சந்தேகக் கேள்வியாக இருக்கும். கிளியரன்ஸ், படகின் பதிவுச் சான்று, படகு யார் பேரில் இருக்கிறது என்பதற்கான காகிதம், இன்சூரன்ஸ், ஆட்பட்டியல், படகிலுள்ள சாமான் பட்டியல், ஒவ்வொருவரின் தனிப்பட்ட உடைமைப் பட்டியல், எல்லாவற்றிலும் ஆறேழு நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கட்டும். லாக் புத்தகத்தை நேரம், இடம் விடாமல் எழுதி வரட்டும். யாராவது சந்தேகப்பட்டால் அவருக்காகச் சாட்சி சொல்லப்போவது அதுதான்.

மணிக்கு 5 கடல் மைல் ஓடினால் 40 மணி நேரம். ஞாயிறு மாலை 4 மணிக்குக் காலேயை விட்டால் செவ்வாய் காலை 8 மணிக்கு இங்கே வந்து நிற்கலாம். அலுவலக நாளில், பகல் முழுக்கக் கையில் இருக்கும்படி வருவது எல்லோருக்கும் நல்லது. ராத்திரியில் கரையை நெருங்கினால் பாண்டியன் தீவுக் கலங்கரை விளக்கம் தெரியும். ஆனால் வலை தெரியாது. நாட்டுப்படகுக்காரர்கள் விரித்த வலையில் ஏறினால் அவர்களுக்கும் நட்டம், இவருடைய சுக்கானுக்கும் ஆபத்து. ஜனவரியில் வாடை நம் வளைகுடாவில் வேகம் கூடி வீசும். மேலே ஏறி வரும்போது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும், பாயைக் குறைத்துக் கட்டி வரச் சொல்லுங்கள். வழியில் தீவு அழகாக இருக்கிறதே என்று வான் தீவிலோ காசுவாரியிலோ ஒதுங்க வேண்டாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இறங்கினால் கஸ்டம்ஸோடு வனத்துறையும் வரும்.

துறைமுகத்தை நெருங்கும்போது விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் போர்ட் கண்ட்ரோலைக் கூப்பிட்டு, படகின் பேர், கொடி, கடைசித் துறைமுகம், எத்தனை பேர், ஏஜென்ட் யார் என்று சொல்ல வேண்டும். பாய்மரத்தில் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். கடல்மொழியில் அது கியூ கொடி. படகில் நோய் இல்லை, பிராடிக் (நோயில்லை என்று துறைமுகம் தரும் சுகாதார அனுமதி) தாருங்கள் என்று பொருள். துறைமுகச் சுகாதார அதிகாரி அனுமதி கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் வேலை தொடங்கும். அதுவரை யாரும் இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது. கயிறு கட்டக்கூட அவர்கள் காட்டுகிற ஆள்தான். பிறகு கஸ்டம்ஸ் போர்டிங் ஆபீசர், குடிவரவு அதிகாரி, பாதுகாப்புக்காரர்கள் என்று வருவார்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று தடவை கேட்பார்கள். பொறுமையாக மூன்று தடவையும் ஒரே பதில் சொல்ல வேண்டும். அலமாரி, இன்ஜின் அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் திறந்து காட்டச் சொல்வார்கள். அவர்கள் கேட்கும் முன் இவரே திறந்து காட்டினால் வேலை பாதியாகக் குறையும், நான் பலமுறை பார்த்தது இது. எல்லாம் முடிந்ததும் மஞ்சள் கொடியை இறக்கிவிட்டு, வலப்பக்கம் நம் மூவண்ணக் கொடியை ஏற்றலாம்.

சாமான்களில் முதலில் சொல்ல வேண்டியது சாட்டிலைட் போன். துராயா, இரிடியம் இரண்டும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. பாய்ப்படகுக்காரர்கள் செய்தி அனுப்ப இடுப்பில் மாட்டியிருக்கும் கார்மின் இன்ரீச் கருவியும் இரிடியத்தில்தான் ஓடுகிறது. விமான நிலையங்களில் வெளிநாட்டவர் அதற்காகக் கைதாகியிருக்கிறார்கள். ஸ்டார்லிங்க் தட்டையும் அனுமதியின்றி இங்கே இயக்கக் கூடாது. நடுக்கடலில் உயிர் காக்கிற கருவிகள் இவை, தூக்கி எறி என்று நான் சொல்ல மாட்டேன். காலேயிலிருந்தே ஏஜென்ட் மூலம் எழுதிக் கேட்டு, என்ன செய்ய வேண்டும் என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். டிரோன் இருந்தால் அங்கேயே யாரிடமாவது விட்டுவிட்டு வரட்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை. மது பாட்டில்களை எண்ணி எழுதிக் கொடுத்தால் அலமாரியில் வைத்து சீல் போடுவார்கள். சீலை உடைக்கக் கூடாது. ரொக்கம் 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல், அல்லது டிராவலர்ஸ் செக் முதலியன சேர்த்து 10,000 டாலருக்கு மேல் இருந்தால் தனிப் படிவம் உண்டு.

அத்தான் மனைவியின் நகையைப் பற்றி அத்தைக்கு ஆசை இருக்கும், திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு வரட்டும் என்று. தங்கம் நம் சட்டத்தில் தனி ரகம். கடத்தல் என்று நியாயமான சந்தேகம் வந்து பிடித்தால், அது கடத்தல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழும், 123ஆம் பிரிவு. பழைய நகையானாலும் ரசீதும் போட்டோவும் இருக்கட்டும், பட்டியலில் கிராம் கணக்கோடு எழுதட்டும். திரும்பிப் போகும்போது இங்கே வாங்கிய சங்கு, பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை எதையும் ஞாபகப் பொருளாக ஏற்ற வேண்டாம். பல வகைகள் வனவிலங்குச் சட்டத்தில் வருகின்றன.

விசாவில் ஒரு கண்ணி இருக்கிறது. அத்தானிடம் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் அவருக்குக் கவலை இல்லை. மனைவிக்கு இ-விசா எடுத்தால், அது குறிப்பிட்ட சில துறைமுகங்களில் மட்டுமே செல்லும். விண்ணப்பத்தில் உள்ள நுழைவுத் துறைமுகப் பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுத்த துறைமுகம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் தூதரகத்தில் சாதாரண விசாவே வாங்கிவிடுவது நிம்மதி.

வரும் வழியில் பாய்மரம் முறிந்தோ இன்ஜின் நின்றோ நிஜமாகவே உவரிக் கரைக்கு ஒதுங்க நேர்ந்தால்? அதற்கும் அதே 29ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. உடனே பக்கத்திலுள்ள கஸ்டம்ஸ் அதிகாரிக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ தகவல் சொல்ல வேண்டும், கேட்டால் லாக் புத்தகத்தைக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்லும் வரை சாமான் இறக்கவோ ஆட்கள் படகை விட்டு அகலவோ கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் இறங்கிவிட வேண்டியதுதான், சட்டமும் அதைத் தடுக்கவில்லை. அப்போது நம் ஊர் ஆட்கள் உதவிக்குப் போகலாம், போக வேண்டும். போகிறவர் முதலில் 1554க்குச் சொல்லிவிட்டுப் போகட்டும். படகிலிருந்து ஒரு பையைக்கூட நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைக்கிறேன் என்று செய்ய வேண்டாம்.

தூத்துக்குடியில் கிளியரன்ஸ் ஆன பிறகு படகை உவரிக்கு ஓட்டி வரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் முடியாது. வெளிநாட்டுப் படகுக்குக் கிளியரன்ஸ் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குத்தான். படகு திரும்பிப் போய்விடும் என்ற உறுதியின் பேரில்தான் தீர்வை கட்டாமல் அதை உள்ளே விடுகிறார்கள். இங்கே விற்றாலோ தங்கவைத்தாலோ சுங்கத் தீர்வையோடு ஜிஎஸ்டியும் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுக்கு ஜிஎஸ்டி மட்டுமே 40 சதவீதம். ஆகவே படகு தூத்துக்குடியில் நிற்கட்டும். அங்கிருந்து உவரி எழுபது எண்பது கிலோமீட்டர், திருச்செந்தூர் வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பைகள் கஸ்டம்ஸ் கேட்டில் சோதனை ஆன பிறகு வெளியே வரும், கொடுக்க வேண்டியதையெல்லாம் வீட்டில் வைத்துக் கொடுக்கலாம். அத்தைக்குப் படகைப் பார்க்க ஆசை இருந்தால், ஏஜென்டிடம் நான்கு நாள் முன்பே சொல்லி, ஆதார் நகல் கொடுத்து, துறைமுக நுழைவுச் சீட்டு வாங்கி வையுங்கள்.

திரும்பும்போதும் சொல்லாமல் கயிறு அவிழ்க்கக் கூடாது. துறைமுகப் பாக்கி, கஸ்டம்ஸ், பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை, கடைசியில் எழுத்தில் போர்ட் கிளியரன்ஸ், இவ்வளவும் ஆக வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கட்டும்.

அத்தானிடம் சொல்லி, படகின் பதிவுச் சான்று, இருவர் பாஸ்போர்ட், படகிலுள்ள ரேடியோ கருவிகளின் பட்டியல் இந்த மூன்றையும் நவம்பருக்குள் அனுப்பச் சொல்லுங்கள். தூத்துக்குடி வரும்போது எடுத்து வாருங்கள் தம்பி, ஏஜென்டிடம் போகும் முன் நான் ஒரு தடவை படித்துப் பார்த்துத் தருகிறேன்.